மாணவர்களிடம் கருத்துக் கேட்பது எப்படி: படிவம் தயாரிப்பதிலிருந்து முடிவைத் திருப்பிச் சொல்வது வரை

பள்ளி மாணவர்களிடம் படிவம் ஒன்றைக் கொடுத்து, “உங்கள் ஆசிரியர் நன்றாகப் பாடம் நடத்துகிறாரா?” என்று கேட்டால், பெரும்பாலோர் “ஆம்” என்பதில் குறியிட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதைப் பொய் என்று தள்ளவும் முடியாது, உண்மை என்று கொள்ளவும் முடியாது. அச்சிட்ட தாளில் ஒரு கேள்வி வந்தால் அதற்குச் சரியான விடை ஒன்று இருக்கும் என்று ஒன்றாம் வகுப்பிலிருந்தே பழகிய பிள்ளை, இங்கும் கேட்பவர் எதை எதிர்பார்க்கிறார் என்றே முதலில் யோசிக்கிறது. இந்தப் பழக்கத்தைச் சற்றேனும் தளர்த்துவதில்தான் கணக்கெடுப்பின் வெற்றி இருக்கிறது; புள்ளியியல் நுட்பங்களெல்லாம் அதற்குப் பிறகு வருபவை. தமிழ்நாட்டு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஆய்வு செய்யப் போகும் கல்வியியல் மாணவர்களையும், தங்கள் பள்ளியைப் பற்றித் தாங்களே அறிந்துகொள்ள விரும்பும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இந்த வழிமுறைகள் எழுதப்பட்டுள்ளன.

கேள்விகளை எழுத உட்காரும் முன், ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, “இதற்கு இப்படி விடை வந்தால் எதை மாற்றுவோம்?” என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். அந்த வரி காலியாக இருந்தால் அந்தக் கேள்வி வேண்டியதில்லை. மாலைச் சிறப்பு வகுப்பின் நேரத்தை மாற்றும் எண்ணம் இருந்தால், பேருந்து கிடைப்பது பற்றியும் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரம் பற்றியும் கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்டால், பத்தாம் வகுப்பு முடியும் தறுவாயில் பெற்றோரிடம் பேச வேண்டியது என்ன என்பது தெரியவரும். “கல்வியைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்ற கேள்வியால் எவருக்கும் பயனில்லை.

மனப்பான்மையும் அனுபவமும் வேறு வேறு. “கணிதம் எனக்குப் பிடிக்கும்” என்பது மனப்பான்மை. “சென்ற வாரக் கணித வகுப்பில் புரியாத இடத்தை எழுந்து கேட்டேன்” என்பது அனுபவம். முன்னதற்குக் காற்றடிக்கும் பக்கம் சாயும் இயல்பு உண்டு. பின்னதை நினைவிலிருந்துதான் எடுத்துச் சொல்ல முடியும். எனவே அனுபவக் கேள்விகளை முன்னால் வைத்து, மனப்பான்மைக் கேள்விகளை அவற்றின் பின்னால் அடுக்குவதே நல்லது. “அடிக்கடி”, “எப்போதாவது” போன்ற சொற்களை ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதமாக அளக்கும் என்பதால், “கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள்?” என்று கால எல்லை வகுத்துக் கேளுங்கள்.

சொற்களில் மூன்று குழிகள் இருக்கின்றன. முதலாவது, இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டுவது. “ஆசிரியர் தெளிவாகவும் அன்பாகவும் நடத்துகிறார்” என்றால், தெளிவாக நடத்தி அடிக்கடி திட்டும் ஆசிரியரின் மாணவர் எங்கே குறியிடுவார்? இரண்டாவது, எதிர்மறை. “பள்ளிக்கு வருவது எனக்குப் பிடிக்கவில்லை” என்ற கூற்றுக்கு “உடன்பாடில்லை” என்று குறிக்க வேண்டிய பிள்ளை, இரண்டு மறுப்புகளுக்கிடையே தடுமாறும். எதிர்த்திசைக் கூற்று தேவைப்பட்டால், “பள்ளி நாள்கள் எனக்குச் சலிப்பாக இருக்கின்றன” என்று மறுப்புச் சொல் இல்லாமல் எழுதலாம். மூன்றாவது, நமது துறைச்சொற்கள். கற்றல் சூழல், ஊக்கி, பின்னூட்டம் ஆகியவை ஆய்வறிக்கையில் இருக்கட்டும். படிவத்தில் வகுப்பறை, பாராட்டு, திருத்திக் கொடுத்த நோட்டு என்று வரட்டும். ஓசூர்ப் பகுதியில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகளையும், திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் கணக்கில் கொண்டு, கேள்விகளை வாய்விட்டுப் படித்துக்காட்டவும் ஏற்பாடு வேண்டும்.

உடன்பாட்டின் அளவை ஐந்து படிகளில் குறிக்கும் முறை, ரென்சிஸ் லிக்கெர்ட் 1932இல் வெளியிட்ட ஆய்விலிருந்து பரவியது. நம் கல்வியியல் கல்லூரிகளில் அதைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள். ஆனால் நடுவில் இருக்கும் “கருத்தில்லை” என்ற கட்டம், யோசிக்க விரும்பாதவர்களுக்கும் சொல்ல அஞ்சுபவர்களுக்கும் ஒதுங்குமிடமாகிவிடுகிறது. கணித, அறிவியல் கற்றலை நாடுகளுக்கிடையே ஒப்பிடும் டிம்ஸ் ஆய்வில், பாடம் பிடிக்கிறதா என்ற பகுதிக்கு நான்கு படிகளே உள்ளன, நடுக்கட்டம் இல்லை. உயர்நிலை வகுப்புகளுக்கு அதுவே பொருத்தம் என்பது என் எண்ணம். அதே வேளையில், விடையளிக்க விருப்பமில்லாத கேள்வியை விட்டுவிடலாம் என்பதைப் படிவத்தின் தலைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். கட்டாயப்படுத்திப் பெறும் குறி வெறும் மையே.

படிவம் இரண்டு பக்கங்களைத் தாண்டக் கூடாது. அதன் முடிவில் ஒரு திறந்த கேள்வி போதும். உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பு கல்லூரிகளில் நடத்தும் மாணவர் நிறைவுக் கணக்கெடுப்பும், வரிசையாக விடை தெரிவுசெய்யும் கேள்விகளைக் கேட்டுவிட்டுக் கடைசியில் மட்டுமே ஆலோசனைகளை எழுதச் சொல்கிறது. பள்ளியில் அந்தக் கேள்வியை, “இந்தப் பள்ளியில் ஒரே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?” என்று வைத்தால், கழிப்பறையின் தாழ்ப்பாளிலிருந்து உடற்கல்விப் பாடவேளையைப் பறித்துக்கொள்ளும் மற்ற பாடங்கள் வரை எல்லாம் வெளியே வரும்.

எழுதி முடித்ததும் அச்சுக்கு அனுப்பாதீர்கள். கணக்கெடுப்பில் சேராத வேறொரு பிரிவிலிருந்து ஐந்தாறு மாணவர்களை அழைத்து, ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படித்து, தங்களுக்கு விளங்கியதைத் தங்கள் சொந்தச் சொற்களில் சொல்லச் செய்யுங்கள். நன்றாகப் படிப்பவர்களை மட்டும் அழைத்தால் இந்த முன்னோட்டத்தால் பயனில்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் அதில் இருக்க வேண்டும்.

அனுமதி விஷயத்தில் சோம்பல் ஆகாது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளரை, முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதம் இல்லாமல் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பொதுவாக அனுமதிக்கமாட்டார். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, பதினெட்டு வயது நிறையாதவரைக் குழந்தை என்று வரையறுத்து, அவருடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் பொதுவாகத் தேவை என்கிறது. பெற்றோரின் கையெழுத்தோடு மாணவரின் சம்மதத்தையும் தனியே கேளுங்கள். பெற்றோர் ஒப்பிய பிறகும் “எனக்கு வேண்டாம்” என்று சொல்லும் பிள்ளையை விட்டுவிட வேண்டும்.

அடி, அவமானம், சாதி ஆகியவற்றைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். நாங்குநேரியில் 2023இல் பட்டியலின மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்ட நிகழ்வுக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துருவின் ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, பள்ளியில் சாதி எவ்வளவு சின்னச் சின்னச் செயல்களில் ஊடுருவியிருக்கிறது என்பதை எல்லோருக்கும் நினைவூட்டியது. சாதியைக் காட்டும் கைக்கயிற்றின் நிறம்கூட அதில் பேசப்பட்டது. “பள்ளியில் சாதிப் பாகுபாடு உண்டா?” என்று நேராகக் கேட்டால் “இல்லை” என்ற விடையே குவியும். மதிய உணவை யாருடன் உட்கார்ந்து உண்கிறார்கள், வகுப்பைப் பெருக்கும் வேலை யாருக்குத் தரப்படுகிறது என்று நடப்பைக் கேட்க வேண்டும். மாணவர் ஒருவர் பாலியல் துன்புறுத்தலைப் பற்றி எழுதிவிட்டால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். எனவே “எதையும் யாரிடமும் சொல்லமாட்டோம்” என்று முன்கூட்டி வாக்குக் கொடுக்காதீர்கள். “ஒருவருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் உதவிக்குச் சொல்வோம்” என்று எழுதி, தாளின் அடியில் 1098 (குழந்தைகள் உதவி மையம்), 14417 (பள்ளிக் கல்வித் துறை) ஆகிய உதவி எண்களையும் அச்சிடுங்கள்.

பெயர் எழுத வேண்டாம் என்பதோடு அநாமதேயம் முடிந்துவிடுவதில்லை. வகுப்பு, பிரிவு, பாலினம், பயிற்றுமொழி, ஊர் என்று எல்லாவற்றையும் கேட்டால், மூன்றே மாணவியர் உள்ள தொழிற்கல்விப் பிரிவில் எழுதியவர் யார் என்பது உடனே தெரிந்துவிடும். பகுப்பாய்வுக்கு உண்மையில் தேவைப்படும் ஓரிரு விவரங்களோடு நிறுத்துங்கள். படிவம் நிரப்பும்போது வகுப்பாசிரியர் அறையில் இருக்கக் கூடாது. ஆசிரியரே கணக்கெடுப்பை நடத்துவதானால், தமக்குப் பாடவேளை இல்லாத வகுப்பைத் தேர்ந்து சக ஆசிரியரோடு மாற்றிக்கொள்ளலாம். நிரப்பிய தாள்களை மாணவர்களே மூடிய பெட்டியில் போடட்டும். வகுப்புத் தலைவன் சேகரித்துக் கொடுக்கும் ஏற்பாடு வேண்டாம், ஏனென்றால் அவன் படித்துப் பார்ப்பான். கூகுள் படிவம் வசதியானதுதான். ஆனால் வீட்டில் அப்பாவின் கைபேசியில், அண்ணன் தோளுக்குப் பின்னால் நிற்க நிரப்பப்படும் படிவத்துக்கும், வகுப்பறையில் தனியே நிரப்பும் தாளுக்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

நாளைத் தேர்வதும் முக்கியம். திருப்புதல் தேர்வுக் காலத்தில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் தொடாதீர்கள். பொங்கல் விடுமுறைக்கு அடுத்த நாளில் பாதி வகுப்பு இருக்காது. பள்ளி பிடிக்காதவர்களும் வேலைக்குப் போகிறவர்களும்தான் அடிக்கடி விடுப்பில் இருப்பார்கள் என்பதால், ஒரே நாளில் முடித்துவிடும் கணக்கெடுப்பு அவர்களைத் தவறவிட்டு, பள்ளியை உள்ளபடியைவிட அழகாகக் காட்டிவிடும். வருகைப் பதிவேட்டைப் பார்த்து, வராதவர்களுக்காக இன்னொரு நாள் போய் வர வேண்டும்.

தாள்கள் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் இட்டு, எக்செல்லில் பதியுங்கள். எதிர்த்திசைக் கூற்றுகளின் மதிப்பெண்ணை மறுபுறம் திருப்ப (4 என்றால் 1, 3 என்றால் 2) மறக்க வேண்டாம். மேலிருந்து கீழ்வரை ஒரே கட்டத்தில் கோடு இழுத்த தாள்களைத் தனியே எடுத்து, எத்தனை என்று அறிக்கையில் சொல்லிவிடுங்கள். “சராசரி 2.5” என்ற எண் எதையும் சொல்வதில்லை, எல்லோரும் நடுவில் நின்றாலும் வகுப்பு இரண்டாகப் பிளந்து நின்றாலும் அதே எண் வரக்கூடும். எத்தனை பேர் எந்தக் கட்டத்தில் என்று எண்ணிக்கையாகக் காட்டுவதே நேர்மை. பன்னிரண்டு பேரிடம் கேட்டுவிட்டு விழுக்காடு போடுவதும் வேண்டாம். எம்.எட். ஆய்வேடுகளில், கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்கும் கிரான்பாக் ஆல்பா 0.70ஐத் தாண்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நினைப்பு இருக்கிறது. ஒரே கேள்வியை ஐந்து விதமாகத் திருப்பிக் கேட்டாலும் அந்த எண் ஏறும்.

திறந்த விடைகளை முதலில் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் படித்துவிட்டு, அதன் பிறகே வகைபிரிக்க வேண்டும். அறிக்கையில் மேற்கோள் காட்டும்போது, கையெழுத்தையோ குறிப்பிட்ட நிகழ்ச்சியையோ கொண்டு எழுதியவரை அடையாளம் காண முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிவுகளை அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அதே மாணவர்களிடம் சொல்ல வேண்டும். எது மாறும், எப்போது மாறும், எதை மாற்ற இயலாது, ஏன் இயலாது என்று காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசினாலே போதும். சென்ற ஆண்டு கேட்டதற்கு ஒரு பதிலும் வரவில்லை என்று தெரிந்த வகுப்பு, அடுத்த படிவத்தை இரண்டே நிமிடத்தில் நிரப்பிக் கொடுத்துவிடும்.