டிரில் வாங்குமுன் பேட்டரியைத் திருப்பிப் பாருங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் ஹார்ட்வேர் கடையில் ஒரு கார்ட்லெஸ் டிரில்லில் 18 வோல்ட், இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்று போட்டிருந்தால், அந்த 2 வோல்ட்டுக்காகக் கூடுதல் வெள்ளி கொடுக்காதீர்கள். இரண்டு பேட்டரியிலும் வரிசையாக இணைத்த 5 செல் (சிறு மின்கலம்) தான். வேலை செய்யும்போது செல்லுக்கு 3.6 வோல்ட், ஆக 18. முழு சார்ஜ் ஏறிய உடனே பார்த்தால் 20. மலிவுச் சரக்கில் 48, 88 என்று அச்சடித்திருப்பது பெரும்பாலும் ஸ்டிக்கர் வீரம்.

பேட்டரியில் மொத்தம் எவ்வளவு சக்தி நிற்கும் என்று அறிய, வோல்ட்டை அதில் அச்சிட்ட ஆம்பியர்-அவரால் (Ah) பெருக்குங்கள்: 18 × 2 = 36 வாட்-அவர்; 4 ஆம்பியர்-அவர் என்றால் 72. விலையை இதோடு ஒப்பிடுங்கள். பேட்டரி, சார்ஜர் சேர்ந்த விலையா என்றும் கேளுங்கள்.

பழைய லயத்து வீட்டுப் பலகைக்குச் சாதாரண டிரில் போதும். செங்கல் சுவருக்குச் சுழலும்போதே தட்டும் ஹேமர் வசதி வேண்டும். கான்கிரீட் தூணில் அதையும் வைத்து அழுத்தினால் பிட் முனை மழுங்கும், மோட்டார் கொதிக்கும். அங்கே பிட்டை ஓங்கி அடித்துத் துளைக்கும் எஸ்டிஎஸ் ஹேமர்தான்.