கரப்பான் உள்ள குழந்தைக்கு வேர்க்கடலையும் முட்டையும் கொடுக்கத் தொடங்குவது எப்படி?

குழந்தைக்குக் கன்னமும் கை காலும் சொரசொரப்பாகச் சிவந்து அரித்தால், 'கரப்பான் பண்டம்' என்று வேர்க்கடலை, முட்டை, மீன் எல்லாவற்றையும் நம் வீடுகளில் ஒதுக்கிவிடுகிறார்கள். தாய்க்கும் பத்தியம். அந்தப் பத்தியம் கரப்பானைத் தடுப்பதில்லை. பாலூட்டும் தாய் இளைப்பதுதான் மிச்சம்.

வெடித்த தோல் வழியாகப் புகும் உணவுத் துகளை உடல் எதிர்க்கப் பழகுகிறது. அதே உணவு வாய் வழியாக முன்கூட்டியே போனால் ஏற்கப் பழகுகிறது. லண்டனில் நடந்த 'லீப்' ஆய்வில் (2015) கடும் கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 குழந்தைகள் பங்கேற்றனர். 5 வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம், சாப்பிட்டு வந்தவர்களில் 3.2 சதவீதம்.

முதலில் தோலை ஆற்றுங்கள். 5 முதல் 10 நிமிடம் வெதுவெதுப்பான நீரில் குளியல், ஈரம் காயுமுன் வாசனையில்லாத களிம்போ வாசலினோ, சிவந்த இடத்தில் மருத்துவர் எழுதித்தந்த ஸ்டீராய்டு களிம்பு. கடலை மாவு, பயத்த மாவு, கடலை எண்ணெய் எதையும் புண்ணான தோலில் தேய்க்காதீர்கள். வேர்க்கடலையைத் தொட்ட கையோடு குழந்தையைத் தூக்குவதும் வேண்டாம்.

கரப்பான் கடுமையாக இருந்தாலோ, ஏற்கெனவே ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தாலோ, ஒவ்வாமைச் சோதனை செய்த பிறகே வேர்க்கடலை. மற்றவர்கள் 6 மாதம் முடிந்து, கஞ்சியும் மசித்த சாதமும் பழகியதும், காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், காலையில் தொடங்கலாம். மாலையில் கொடுத்தால் தடிப்பு வந்தாலும் தூக்கத்தில் தெரியாது.

வேர்க்கடலையை வறுத்துத் தோல் நீக்குங்கள். பூஞ்சை பிடித்தது, சுருங்கியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். உப்பு, சர்க்கரை சேர்க்காமல் நைஸாக அரைத்து, அந்த விழுதில் 2 டீஸ்பூன் எடுத்து 2 அல்லது 3 டீஸ்பூன் வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். கரைக்காத விழுது தொண்டையில் ஒட்டும்; முழுக்கடலை மூச்சுக்குழாயை அடைக்கும், 5 வயது வரை அது வேண்டவே வேண்டாம். கரண்டி நுனியளவு கொடுத்து 10 நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லை என்றால் மீதியை மெல்ல ஊட்டி, 2 மணி நேரம் கூடவே இருங்கள்.

சில நாள் கழித்து முட்டை: 12 நிமிடம் வெந்தது, கால் டீஸ்பூனில் தொடங்கிக் கூட்டுங்கள். மஞ்சள் கரு மட்டும் கொடுத்து நிறுத்துகிறவர்கள் அதிகம். ஒவ்வாமைப் புரதங்கள் பெரும்பாலும் வெள்ளைக் கருவில்தான் என்பதால், அதையும் பழக்க வேண்டும். அரைவேக்காடு கூடாது.

எச்சில் வடிந்து வாயைச் சுற்றி மட்டும் சிவந்தால் பெரும்பாலும் தோல் எரிச்சல்தான். ஊட்டுமுன் வாசலின் தடவுங்கள். உடம்பெங்கும் தடிப்பு, உதடு வீக்கம், தொடர் வாந்தி என்றால் நிறுத்தி மருத்துவரிடம் போங்கள். மூச்சுத்திணறல், வெளிறித் துவளுதல் என்றால் உடனே 108.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். பெலாரஸில் தாய்ப்பாலூட்ட ஊக்கம் தந்த மருத்துவமனைகளில் பிறந்தவர்களுக்கு, 16 வயதில் தோல்மடிப்புக் கரப்பான் மற்றவர்களைவிடச் சுமார் பாதிதான் இருந்தது.

நாலு தரம் கொடுத்துவிட்டு மறந்துபோவதுதான் பலரும் சறுக்கும் இடம். வேர்க்கடலை விழுது 2 டீஸ்பூன் வீதம் வாரம் 3 முறை, மாதக்கணக்கில் தொடரவேண்டும். ராகிக் கூழிலோ மசித்த வாழைப்பழத்திலோ கலந்துவிட்டால் குழந்தை முகம் சுளிக்காது.