பழைய வீட்டு மறைவறை: எதற்காகக் கட்டினார்கள் என்று கண்டறியும் முறை

பூர்விக வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கும்போது, எந்த அறையிலிருந்தும் வழியில்லாத ஓர் இடம் சுவருக்குப் பின்னால் இருப்பது தெரியவந்தால், வீட்டாரின் வாயில் முதலில் வருகிற சொல் புதையல் என்பதுதான். அந்தச் சொல் பிறந்த மறுநாளே கடப்பாரை வந்துவிடுகிறது. தரை தோண்டப்படுகிறது, மூலையில் கிடந்த உமியும் சாம்பலும் குப்பையோடு அள்ளிக் கொட்டப்படுகின்றன, அந்த அறை எதற்காக இருந்தது என்று சொல்லக்கூடிய தடயங்கள் ஒரே பகலில் அழிந்துபோகின்றன. பழைய வீடுகள் மீது அக்கறை உள்ளவர்களுக்கு இது மனம் பொறுக்காத இழப்பு. அறையின் நோக்கத்தை அதன் காற்றும் கதவும் தரையும் சுவருமே சொல்லிவிடும் என்பதால், அவற்றை எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

சுவரில் கை வைப்பதற்கு முன் வீட்டை அளந்துவிடுங்கள். வெளிப்புற நீளத்தை ஒருமுறையும், உள்ளே ஒவ்வோர் அறையின் நீளத்தையும் சுவர்களின் கனத்தையும் தனித்தனியாகவும் அளந்து கூட்டிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய செங்கற்சுவர் ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை கனமாக இருப்பது சாதாரணம். அதற்கு மேலும் நான்கைந்து அடி கணக்கில் வராமல் போனால் அங்கே வெற்றிடம் இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரு தாளில் வரைபடமாக இதைப் போட்டுக்கொண்டால், அந்த இடம் அடுப்படிக்குப் பின்னால் இருக்கிறதா, குடும்பத் தலைவர் படுத்த அறையை ஒட்டியிருக்கிறதா, பின்கட்டில் கிணற்றுப் பக்கம் இருக்கிறதா என்பது உடனே விளங்கும். பாதி விடை பெரும்பாலும் அந்த இருப்பிடத்திலேயே கிடைத்துவிடும்.

திறந்த உடனே உள்ளே இறங்கக் கூடாது. கொங்கு நாட்டில் சோளத்தையும் ராகியையும் நிலத்தடிக் குழிகளில் சேமித்தவர்கள், குழியைத் திறந்துவிட்டு நெடுநேரம் காத்திருந்துதான் இறங்கினார்கள். அடைபட்ட தானியம் உயிர்க்காற்றான ஆக்சிஜனைத் தீர்த்துக் கரியமில வாயுவை விட்டுவைக்கும். அது காற்றைவிடக் கனமானதால் பள்ளத்திலேயே தேங்கி நிற்கும். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கத்தை முழுதாக நம்பிவிடாதீர்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் 20.9 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறது. 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலே அதைக் குறைவு என்று கணக்கிடுகிறார்கள். ஆனால் 17 சதவீதத்திலும் சுடர் எரிந்துகொண்டிருக்கக்கூடும். ஆகவே வாயிலை ஒரு நாள் முழுதும் திறந்து வைத்து, மின்விசிறியால் காற்றை உள்ளே செலுத்திய பிறகு, வெளியே ஒருவரை நிறுத்திக்கொண்டு நுழைவதே சரி. பாம்பும் வௌவாலும் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே போனதும் முதலில் பார்க்க வேண்டியது வழியை அடைத்த சுவரின் உட்புறம். இதைப் பலர் கவனிப்பதில்லை; என் அனுபவத்தில் இதைவிட நேர்மையான சாட்சி வேறு கிடையாது. உட்பக்கம் பூச்சில்லாமல், செங்கல் இடுக்குகளிலிருந்து காரை பிதுங்கி அப்படியே காய்ந்திருந்தால், கொத்தனார் வெளியே நின்று கட்டி முடித்தார் என்று பொருள். அதாவது அந்த அறையை இனிப் பயன்படுத்தும் எண்ணம் எவருக்கும் இருக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பூசியிருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. அந்த வழியைத் தரையிலும் மேற்கூரையிலும் தேடுங்கள். மற்ற சுவர்கள் சுண்ணாம்பிலும் அடைப்பு மட்டும் சிமெண்டிலும் இருந்தால், அடைத்தது வீடு கட்டிய காலத்துக்கு வெகு பின்னர் என்பது தெளிவு.

இவ்வாறு வெளியிலிருந்து அடைக்கப்பட்ட அறைகளில் பல, மறைப்பதற்காகக் கட்டப்பட்டவையே அல்ல. அண்ணன் தம்பிகள் வீட்டைப் பிரித்துக்கொள்ளும்போது, ஒருவர் பங்குக்குள் திறக்கும் மற்றவர் கதவைச் செங்கல் வைத்து அடைப்பார்கள். இரண்டு தலைமுறை கழிந்தபின் இடையில் சிக்கிய துண்டு இடம் இரு வீட்டாருக்கும் மர்ம அறையாகிவிடும். இன்னொரு காரணம் அடைப்பு என்னும் வழக்கம். அவிட்டம் முதல் ரேவதி வரையிலான ஐந்து நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், உயிர் பிரிந்த அறையை ஆறு மாதம் பூட்டி வைக்கும் குடும்பங்கள் உண்டு. கெடு முடிந்த பிறகும் திறக்க மனம் வராமல் சில அறைகள் நிரந்தரமாகவே மூடப்பட்டன. அத்தகைய அறையில் கட்டிலும் மருந்துப் புட்டியும் அப்படியே கிடந்தால் வேறு நோக்கம் தேட வேண்டியதில்லை.

தொடக்கத்திலிருந்தே மறைவாகக் கட்டப்பட்டவை வேறு வகை. தானிய அறையானால் தரை உயர்ந்திருக்கும். ஈரம் ஏறாமல் பலகை பரப்பியிருப்பார்கள். எலி வளை போடாதபடி சுவரின் அடி வழுவழுப்பாக இருக்கும். இடுக்குகளில் உமியும் காய்ந்த வேப்பிலையும் அகப்படும். நெல்லைக் கொட்ட மேலே ஒரு திறப்பும், எடுக்கக் கீழே ஒரு துவாரமும் இருந்தால், தஞ்சைப் பக்கத்து நெற்பெட்டியான பத்தாயமும் தெற்குச் சீமையின் மண் குதிரான குலுக்கையும் வேலை செய்யும் அதே முறைதான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அரசு நெல் கொள்முதலும் பங்கீடும் வந்தபோது, இத்தகைய அறைகளுக்குக் கணக்கில் காட்டாத நெல்லை வைக்கும் வேலையும் சேர்ந்தது.

நகையும் பணமும் வைத்த அறைக்குக் காற்றுத் துவாரம் இராது. வாயில் குனிந்து நுழையும் அளவுக்குக் குட்டையாக இருக்கும். பெட்டியைப் பிணைத்த இரும்பு வளையமோ அதைப் பதித்த குழியோ தரையில் இருக்கும். விளக்கு மாடத்தைப் பாருங்கள்: எண்ணெய்க் கறையும் புகைக்கரியும் தடித்துப் படிந்திருந்தால் அடிக்கடி ஆள் வந்து போயிருக்கிறார்கள். மாடம் மட்டும் இருந்து கரி மெலிதாக இருந்தால், ஆண்டுக்கொரு முறை குலதெய்வப் பெட்டியையோ முன்னோருக்குப் படைத்த சேலையையோ எடுக்கத் திறந்த அறையாக இருக்கலாம். செட்டிநாட்டில் படைப்பு என்னும் முன்னோர் வழிபாட்டுக்காக வைக்கும் பேழைகள் இவ்வாறுதான் ஆண்டின் பெரும்பகுதி இருட்டில் இருக்கின்றன. பின்கட்டில், நீர் வெளியேறும் துளையோடு, கிணற்றுக்கு அருகில் இருக்கும் சிற்றறை பிரசவத்துக்கோ மாதவிலக்கான பெண்கள் ஒதுங்குவதற்கோ பயன்பட்டது. அது ஒதுக்கப்பட்டதே தவிர ஒளிக்கப்பட்டதன்று.

ஆட்கள் ஒளிந்த இடம் என்று குடும்பக் கதை சொன்னால், மனித உடலின் தேவைகளை வைத்து அதைச் சோதியுங்கள். காற்று, உணவு, கழிவு, உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் ஆகிய நான்கும் எங்கே என்று கேளுங்கள். இதற்கு நன்கு பதிவான சான்று இங்கிலாந்தில் உள்ளது. அங்கே 1585ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்ற கத்தோலிக்கப் பாதிரியார் நாட்டில் இருப்பதையே ராஜத்துரோகம் ஆக்கியதால், நிக்கோலஸ் ஓவன் என்ற தச்சர் பல மாளிகைகளில் மறைவிடங்கள் அமைத்தார். 1606 ஜனவரியில் ஹிண்ட்லிப் மாளிகையைச் சோதனையிட்டபோது, ஹென்றி கார்னெட் உள்ளிட்ட இரு பாதிரியார்கள் ஒரு சிறு பொந்தில் நாட்கணக்கில் இருந்தார்கள். பக்கத்து அறையிலிருந்து நாணல் குழாய் வழியாகக் கஞ்சி போன்ற உணவு வந்தது. ஆனால் கழிவுக்கு வழியில்லாததால் நாற்றம் தாங்காமல் அவர்களாகவே வெளியே வந்தார்கள். ஓவனும் அதே மாளிகையில் பிடிபட்டு, அதே ஆண்டு சித்திரவதையில் இறந்தார். இதற்கு மாறாக ஆம்ஸ்டர்டாமில் நாஜிகளுக்கு அஞ்சி, ஆன் பிராங்க் என்ற யூதச் சிறுமியின் குடும்பத்தார் உள்ளிட்ட எட்டுப் பேர் ஒளிந்த பின்கட்டில் தண்ணீரும் கழிப்பிடமும் இருந்தன. 1942 ஜூலையிலிருந்து 1944 ஆகஸ்டில் பிடிபடும்வரை அங்கே வாழ முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் அறையின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும் இருந்தால், ஒளிந்தவர் கதையை ஒதுக்கி வைப்பது நல்லது.

தடயங்களைப் பார்த்த பிறகு காகிதத்துக்கு வாருங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரங்களில் அறைகளைத் திசை சொல்லி, நான்கெல்லையோடு எழுதியிருப்பார்கள். வீட்டின் மூத்த பெண்களிடம் அந்த அறைக்கு என்ன பெயர் வழங்கியது என்று கேளுங்கள். ரகசியம் என்னவென்று கேட்டால் கதை கிடைக்கும். பெயரைக் கேட்டால் உபயோகம் கிடைக்கும்.

பொன்னோ காசோ உண்மையிலேயே கிடைத்தால், பதற்றப்படாமல் அதன் வயதை ஊகியுங்கள். 1968 முதல் 1990 வரை தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்பில் இருந்ததால், அரசுக்குக் காட்ட அஞ்சி அண்மைக்காலத்தில் வைத்ததாகவும் இருக்கலாம். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி, மண்ணிலோ மண்ணோடு பொருந்திய கட்டடத்திலோ மறைந்திருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால், மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். ஏட்டுச்சுவடிகளைக் கண்டால் துடைக்கவோ பிரிக்கவோ வேண்டாம். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புள்ள சுவடி 75 ஆண்டு கடந்திருந்தால் அதைத் தொல்பொருளாகக் கருதுகிறது.

வெள்ளையடிப்பதற்கு முன், நான்கு சுவர்களையும் தரையையும் கூரையையும் படமெடுத்து, தரையில் கிடந்த உமி, சாம்பல், ஆணி ஆகியவற்றில் ஒரு பிடியை இடம் குறித்த உறையில் போட்டு, நீங்கள் வரைந்த வரைபடத்தோடு சேர்த்து வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.