கொசுத்தேன் வாங்கினால் ஃபிரிட்ஜில் வையுங்கள்

கொசுத்தேன் வாங்கியதும் முதல் வேலை, பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பது. சாதாரணத் தேனில் ஈரப்பதம் சுமார் 20 சதவீதத்துக்குள் இருக்கும். கொசுத்தேன் தருவது கொடுக்கில்லாத குட்டித் தேனீக்கள்; அவற்றின் தேனில் அது பெரும்பாலும் 25, 30 என்று போகும். அதனால்தான் நீர்த்து ஓடுகிறது, வெளியில் வைத்தால் நுரைக்கிறது. பாட்டிலைக் கழுத்துவரை நிரப்ப வேண்டாம், வாயு சேர்ந்து மூடி தெறிக்கும்.

லேசாகப் புளித்தால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிடாதீர்கள், அதன் சுவையே அப்படித்தான். கெட்டியாக, வெறும் இனிப்பாக இருந்தால்தான் கலப்படமோ என்று எனக்குச் சந்தேகம் வரும். ஒரு கூட்டில் வருடத்துக்குச் சில நூறு கிராம்தான் தேறும், மலிவாக எங்கிருந்து வரும்?

மெழுகும் மரப்பிசினும் குழைத்த சின்னக் குடுவைகளில் இந்தத் தேன் சேர்கிறது. பிசினிலுள்ள ஃபிளாவனாய்டுகள் என்ற தாவர வேதிப்பொருள்களும் அதில் இறங்குகின்றன. ஆஸ்திரேலிய, மலேசிய இனங்கள் சிலவற்றின் தேனில் ட்ரெஹாலுலோஸ் என்ற மெதுவாகச் செரிக்கும் சர்க்கரை நிறைய இருப்பது 2020-இல் தெரியவந்தது. அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் தாராளமாக ஊற்றிச் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. அப்புறம், ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனும் கூடாது, தொட்டு நாக்கில் வைப்பதுகூட.