காலண்டர் அட்டையில் ஓர் ஓவியக் குறிப்பேடு

சாமி படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராமல் பீரோவுக்குப் பின்னால் செருகி வைக்கப்படும் பழைய தினசரிக் காலண்டர் அட்டைகள், கையால் தைக்கும் ஓவியக் குறிப்பேட்டுக்கு மிகவும் பொருத்தமான மேலட்டைகள் ஆகும். படத்தை உட்புறமாக வைத்துக்கொண்டால் அதன் மரியாதையும் குறைவதில்லை. உள்தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் அச்சான ஏ4 தாள்கள் 12, முதுகுக்குக் கிழிந்த ஜீன்ஸின் கால் பகுதி, தைக்கப் பருத்தி நூல், இவற்றோடு ஒரு குத்தூசியும் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

துணியைப் போலவே காகிதத்துக்கும் ஓர் ஓட்டம் உண்டு. இழை ஓடும் திசையில் மடித்தால் மடிப்பு கத்தி வைத்தாற்போல் விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறடிப்பதோடு, பசையோ வண்ணமோ பட்டதும் தாள் முதுகோரத்தில் அலையலையாகச் சுருங்கும். நான் முதலில் செய்த குறிப்பேடு இப்படித்தான் பாழாயிற்று. அலுவலகங்களில் புழங்கும் ஏ4 தாளில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், அதை அப்படியே பாதியாக மடிப்பது தவறு. முதலில் குறுக்கே இரண்டாக வெட்டி, கிடைக்கும் 210 x 148 மில்லிமீட்டர் துண்டை நடுவில் மடித்தால், இழை முதுகுக்கு இணையாக அமைந்து, சட்டைப்பைக்குள் அடங்கும் அளவில் பக்கங்கள் கிடைக்கும். இத்தகைய நான்கு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் 16 பக்கம். அச்சகத்தார் இதைத்தான் ஒரு பாரம் என்பார்கள். 12 தாள்களில் ஆறு பாரங்கள், அதாவது 96 பக்கங்கள் தேறும்.

காலண்டர் அட்டையிலிருந்து 108 x 154 மில்லிமீட்டரில் இரண்டு துண்டுகளை வெட்டி, இரண்டுக்கும் இடையில் 20 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வைக்க வேண்டும். அதன் மேல் 100 மில்லிமீட்டர் அகலமும் 184 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஜீன்ஸ் துணியை ஒட்டி, மேலும் கீழும் மிஞ்சும் 15 மில்லிமீட்டரை உட்புறமாக மடித்துவிட வேண்டும். ஆறு பாரங்களையும் சேர்த்து அழுத்தினால் ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றே கூடும். அப்படியிருக்க முதுகு ஏன் இவ்வளவு அகலம் என்று தோன்றலாம். மீதமுள்ள இடம் பிறகு பக்கங்களில் ஒட்டப்போகும் துணிக்கும் இலைக்கும் உரியது. அந்த இடத்தை விடாமல் தைத்தால், பத்துப் பக்கம் ஒட்டி முடிப்பதற்குள் குறிப்பேடு வாயைப் பிளந்துகொள்ளும். முதுகின் உட்புறத்தில், கனத்த கல்யாணப் பத்திரிகையிலிருந்து வெட்டிய 18 மில்லிமீட்டர் பட்டை ஒன்றையும் ஒட்டினால் ஊசித் துளைகள் கிழிந்து பெரிதாகாமல் இருக்கும்.

பசைக்கு ஒரு பங்கு மைதாவை ஐந்து பங்கு நீரில் கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிண்டி, வெண்மை மங்கிக் கண்ணாடி போல் ஆனதும் இறக்கினால் போதும். தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கு அஞ்சிச் சிலர் இதில் துருசு, அதாவது மயில்துத்தம், கலப்பதுண்டு. அது நஞ்சு என்பதால் சமையல் பாத்திரத்துக்கு அருகிலேயே வரக்கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த எண்ணத்தையே விட்டுவிடுவது நல்லது. ஒட்டிய மேலட்டையைக் கனமான புத்தகங்களின் கீழ் ஓர் இரவு வைத்த பிறகே துளையிட வேண்டும்.

ஒவ்வொரு பாரத்தின் மடிப்பிலும் மேல் விளிம்பிலிருந்து 15, 54, 94, 133 மில்லிமீட்டர் தொலைவுகளில் நான்கு துளைகள் வேண்டும். மேலட்டை தாளைவிட மூன்று மில்லிமீட்டர் உயர்ந்து நிற்பதால், முதுகில் இதே துளைகள் 18, 57, 97, 136 என்று இறங்கும். அங்கே வரிசைக்கு வரிசை மூன்று மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு வரிசைகள் இட வேண்டும். நைலான் நூல் காகிதத்தை அறுத்துவிடும் என்பதால் பருத்தி நூலே ஏற்றது. அதை மெழுகுவர்த்தியின் மேல் இரண்டு முறை இழுத்துக்கொண்டால் சிக்காது. பாரத்துக்கு ஒரு முழம் போதும். பாரத்தின் உட்புறம் முதல் துளையில் நூலின் நுனியைச் சிறிது விட்டு, முதுகு வழியே வெளியே வந்து, இரண்டாவதில் உள்ளே போய், மூன்றாவதில் வெளியே வந்து, நான்காவதில் மீண்டும் உள்ளே நுழைய வேண்டும். பிறகு அதே துளைகள் வழியாகத் திரும்பினால், போகும்போது விட்ட இடைவெளிகளை வரும்போது நூல் நிரப்பிவிடும். இறுதியில் விட்டுவைத்த நுனியோடு சேர்த்து முடிச்சிட வேண்டும். திரும்பும்போது ஊசி ஏற்கெனவே ஓடிய நூலைக் குத்திப் பிளந்துவிடாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் இதில் நுணுக்கம். ஒவ்வொரு பாரத்துக்கும் தனி நூல் என்பதால் ஒன்று அறுந்தாலும் மற்றவை நிற்கும்.

அச்சான பக்கங்களை மறைக்க, சாக்பீஸ் தூளையும் ஃபெவிகாலையும் சம அளவில் எடுத்துச் சிறிது நீர் விட்டுக் குழைத்துப் பூசலாம். காய்ந்தபின் அதன் சொரசொரப்பில் வண்ணம் நன்றாகப் பிடிக்கும். பளபளப்பான பத்திரிகைத் துண்டுகளை உப்புத்தாளால் தேய்த்த பின்பே ஒட்ட வேண்டும். பால் பாக்கெட்டில் சாதாரணப் பசை நிற்காது. ஆகவே அதைக் கழுவிக் காயவைத்து மூன்று பக்கமும் தைத்துவிட்டால், விதைகளையும் மணிகளையும் வெளியே தெரியும்படி போட்டு வைக்கும் பையாகிவிடும். அரச இலையை நீரில் சில வாரங்கள் ஊறவிட்டுப் பழைய பல்துலக்கியால் மெல்லத் தட்டினால், சதை கழன்று நரம்பு வலை மட்டும் மிஞ்சும். நாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். பயணச்சீட்டு ஒட்டும் வழக்கம் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கையடக்கக் கருவி அச்சிட்டுத் தரும் வழவழப்பான சீட்டில் எழுத்து வெப்பத்தால் உண்டாவதால் நாளடைவில் மங்கி வெற்றுத் தாளாகிவிடும், அதை நகலெடுத்து, நகலையே ஒட்ட வேண்டும்.