ஃபேன் சுற்றுது, படம் வரலை

பட்ஜெட் இடிக்கிறதென்று சென்னை ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’. எச்டிஎம்ஐ கேபிளை மாற்றினேன். மெமரியான ராமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டேன். மதர்போர்டுதான் போச்சு என்று மூன்று நாள் அலைந்தேன்.

ஆனால் நம்லாக்கை அழுத்தினால் கீபோர்டு விளக்கு அணைந்து எரிந்தது. அப்படியென்றால் உயிர் இருக்கிறது, படம்தான் இல்லை. அப்புறம்தான் பிராசஸர் பெட்டியைப் பார்த்தேன்: ஐ3-12100எஃப். கடைசியில் அந்த எஃப் இருந்தால் பிராசஸருக்குள்ளே படம் தரும் கிராபிக்ஸ் பகுதி கிடையாது. போர்டில் எச்டிஎம்ஐ போர்ட் இருந்தும் பயனில்லை. விலை குறைவென்று அதைத்தான் ஆசையாகப் பொறுக்கியிருந்தேன்!

பழைய ஜிடி 1030 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிச் செருகி, கேபிளைக் கார்டில் மாட்டினேன். படம் வந்துவிட்டது. மிச்சம் பிடித்த காசு கார்டுக்கே சரியாகப் போனது.