லூபஸ் உள்ளவருக்குக் கால்சியம் ஏறினால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய். இது உள்ளவருக்கு ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 11-ஐ (mg/dL) தாண்டி வந்தால், அதையும் லூபஸ் கணக்கில் எழுதிவிடுவதுதான் பெரிய தவறு. லூபஸ் நேரடியாகக் கால்சியத்தை ஏற்றுவது மிக அரிது. காரணம் பெரும்பாலும் வேறு. பலருக்கு அது வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கும்.

லூபஸ் உள்ளவர்கள் வெயிலில் போகக் கூடாது என்பதால் வைட்டமின் டி குறைகிறது. ஸ்டீராய்டு எலும்பைப் பலவீனப்படுத்துகிறது. அதனால் கால்சியம் மாத்திரையும், வாரம் ஒருமுறை 60,000 யூனிட் வைட்டமின் டி-யும் எழுதித் தருகிறார்கள். தேவையான மருந்துதான். ஆனால் எட்டு வாரத்துக்கு எழுதியதை மாதக்கணக்கில் தொடர்வதும், வாரத்துக்கு ஒன்று என்பதைத் தினம் ஒன்றாக விழுங்குவதும் நடக்கிறது. மூட்டு வலிக்கென்று இன்னொரு டாக்டர் வைட்டமின் டி-யையே ஊசியாகவும் போட்டிருக்கலாம். இந்த வைட்டமின் உடல் கொழுப்பில் தங்கிவிடும்; நிறுத்திய பிறகும் கால்சியம் இறங்க வாரக்கணக்கில் ஆகும். ரத்த அழுத்த மாத்திரையில் குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு இருந்தாலும் கால்சியம் ஏறும். எனவே டாக்டரிடம் போகும்போது சீட்டு மட்டும் போதாது, எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள்.

கால்சியம் ஏறினால் தெரியும் அறிகுறிகள்: அசதி, குமட்டல், மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம். இவற்றில் பாதி லூபஸிலும் வரும். அதிகக் கால்சியம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் ஏற்றும் என்பதால், சிறுநீரகத்தில் லூபஸ் தீவிரமாகிவிட்டது என்று தோன்றலாம். அந்த எண்ணத்தில் ஸ்டீராய்டைக் கூட்டினால், காசநோயாலோ லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாலோ ஏறிய கால்சியம்கூடத் தற்காலிகமாக இறங்கும். நோய் மட்டும் மறைந்தே இருக்கும்.

கால்சியம் 10 என்று வந்தால் நார்மல் என்று நிம்மதியடைவதும் சரியல்ல. சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு, ரத்தத்தில் கால்சியத்தைச் சுமக்கும் ஆல்புமின் என்ற புரதம் குறையும்; அதனால் கால்சியமும் குறைவாகக் காட்டும். ஆல்புமின் 4-க்கு (g/dL) கீழே ஒவ்வொரு 1 குறைவுக்கும் கால்சியத்தில் 0.8 கூட்ட வேண்டும். ஆல்புமின் 2 என்றால் அந்த 10 உண்மையில் 11.6. இதுவும் தோராயக் கணக்குதான். சந்தேகம் இருந்தால் அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் கால்சியம்) பார்க்கச் சொல்லலாம்.

அடுத்து பாராதைராய்டு ஹார்மோன் பரிசோதனை. ரத்தத்தில் கால்சியத்தைக் கட்டுப்படுத்துவது கழுத்திலுள்ள சுரப்பிகள் சுரக்கும் இந்த ஹார்மோன்தான். இதைப் பார்க்காமல் காரணம் தேடுவது வீண் அலைச்சல். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் அது பாராதைராய்டு அளவைப் பொய்யாகக் குறைத்தும், வைட்டமின் டி அளவைப் பொய்யாக உயர்த்தியும் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பாலையும் கேழ்வரகையும் நிறுத்தினால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். கால்சியம் 14-ஐத் தாண்டினாலோ, குழப்பமும் வாந்தியும் இருந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கால் வீக்கம் உள்ளவர்கள் தாமாகவே லிட்டர் கணக்கில் தண்ணீர் குடிக்கவும் கூடாது. அப்புறம், பயந்துபோய் ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நாள்பட எடுத்தவர்களுக்கு அட்ரீனல் சுரப்பி செயலிழந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையிலும் கால்சியம் ஏறும்.